வேனிற்காலத்தில் வேங்கடமலைப் படிகள்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் அயல்நாடுகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர் நினைவு வருவது இயல்பு. ஊர் நினைவோடு கூடவே திருப்பதி நினைவும் வந்துவிடும். குழந்தைக்கு முடியிறக்க வேண்டும். வேலை கிடைத்ததற்காக நேர்ந்துகொண்ட காணிக்கையைச் செலுத்த வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, "என் மகன் கடல் கடந்து போய்ச் சுகமாக நிலைபெற்றால் அவனோடு படியேறி வந்து வணங்குகிறேன்" என்று ஊரிலுள்ள தாயார் என்றோ செய்துகொண்ட பிரார்த்தனை ஒன்றும் காத்திருக்கும். விடுமுறையோ மூன்று வாரம். பார்க்க வேண்டிய உறவினரோ பலர். ஆகவே விமானத்தினின்று இறங்கிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, எழுபது வயதுத் தாயாரும் ஏழு வயதுக் குழந்தையுமாகக் குடும்பம் முழுவதும் மலையடிவாரத்தில் வந்து நிற்கிறது.

அந்த மலை எத்தகையது, வேனிற்காலத்தில் அதன் வழி எந்நிலையில் இருக்கும், அதில் ஏறுவோர் எவற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம். பக்தியைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. பக்தியோடு செல்வோர் நலமாகச் சென்று நலமாகத் திரும்ப வேண்டும் என்பதே நம் விருப்பம்.

பழந்தமிழர் அறிந்த வழி

வேங்கடமலை தமிழருக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக இம்மலையையே குறிக்கின்றது. அகநானூற்றில் மாமூலனார் முதலிய புலவர்கள் இதனைப் பாடியுள்ளனர். பொருள் தேடிப் பிரியும் தலைவன் புல்லி என்னும் தலைவனுக்குரிய வேங்கடத்தைக் கடந்து, வேற்றுமொழி வழங்கும் நாட்டிற்குச் செல்கின்றான். அப்பாடல்கள் பாலைத்திணையைச் சார்ந்தவை. பாலைக்குரிய பொழுது வேனிலும் நண்பகலும் என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். பிழைப்பின் பொருட்டு வேற்றுமொழி நாட்டில் குடியேறியுள்ள நமக்கு அத்தலைவன் முன்னோன் ஆகின்றான். அவன் சென்ற வழியை எந்தப் புலவரும் இனிய உலாவாகப் பாடவில்லை. நீரற்ற சுனையும் நிழலற்ற மரமும் சுடுகின்ற பாறையுமே அங்கே பேசப்படுகின்றன. வேனிலில் இம்மலை எப்படியிருக்கும் என்பதை நம் முன்னோர் நன்றாக அறிந்தே கடந்தனர்.

பிற்காலத்தில் அரசியல் எல்லைகள் மாறின. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் ஆந்திரத்தில் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் அதனினின்று திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. எல்லைகள் எப்படி மாறினாலும், வேலூர் வழியாகச் சித்தூரைக் கடந்து திருப்பதிக்கு நடந்தே செல்லும் தமிழ் அடியார் கூட்டத்தைப் புரட்டாசி மாதத்தில் இன்றும் காணலாம். அவர்கள் புரட்டாசியில் நடக்கின்றனர் என்பதை மட்டும் ஈண்டு நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். நம் அயல்நாட்டு விடுமுறையோ பெரும்பாலும் வேனிலில்தான் வாய்க்கின்றது.

இரண்டு படிவழிகள்

கீழ்த் திருப்பதியிலிருந்து மேலே செல்லப் படிவழிகள் இரண்டு உள்ளன. ஒன்று அலிபிரி வழி. மலையடியில் நின்ற புளியமரத்தையொட்டி "அடிப்புளி" என வழங்கிய தமிழ்ப் பெயரே அலிபிரி ஆயிற்று என்று கூறுவோர் உண்டு. இவ்வழியின் நீளம் சுமார் 9 கிலோமீட்டர். படிகள் ஏறத்தாழ 3,550. மற்றொன்று சந்திரகிரிக்கு அருகே சீனிவாச மங்காபுரத்தை அடுத்துத் தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு வழி. "மெட்டு" என்பது தெலுங்கில் படியைக் குறிக்கும். இதன் நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டரே. ஆனால் படிகள் 2,388. ஆகவே முன்னது நீண்ட வழி. பின்னது குறுகிய, செங்குத்தான வழி. உடல் நலமுள்ளவர்க்கு அலிபிரி வழியில் மூன்று முதல் ஐந்து மணி நேரமும், ஸ்ரீவாரி மெட்டில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரமும் ஆகலாம்.

கீழ்த் திருப்பதி கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 160 மீட்டர் உயரத்தில் உள்ளது. திருமலை சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே அலிபிரியில் அடியெடுத்து வைப்போர் ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தைத் தம் கால்களாலேயே ஏறிக் கடக்க வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி கீழே 42 பாகை வெப்பம் இருக்கும்போது மேலே 37 அல்லது 38 பாகை இருக்கலாம். "மலைமேல் குளிர்ச்சியாக இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு புறப்படுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அக்குளிர்ச்சி உச்சியில் இருக்கின்றதேயன்றி வழியில் இல்லை.

அலிபிரி வழியின் அமைப்பு இதனை மேலும் கடினமாக்குகின்றது. பாத மண்டபத்தைத் தாண்டியதும் காலி கோபுரம் வரை படிகள் நெருங்கி, இடைவிடாமல் உயர்கின்றன. கீழ்த் திருப்பதியிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் அந்தக் கோபுரத்தை அடைந்த பிறகே வழி சற்றுச் சமமாகின்றது. பின்னர் மான்கள் உலவும் பூங்காவும் நரசிம்மர் சந்நிதியும் வருகின்றன. மோட்டார்ச் சாலையை ஒட்டிச் சிறிது தூரம் நடந்த பின் இறுதியில் எதிர்ப்படுவது, தமிழர் "முழங்கால் முறிச்சான்" என்று பெயரிட்ட செங்குத்தான ஏற்றம். ஆக, மிகுந்த ஏற்றமும் மிகுந்த வெப்பமும் தொடக்கத்திலேயே சேர்ந்து நிற்கின்றன. களைத்த முழங்காலுக்கு இன்னொரு சோதனை முடிவில் நிற்கின்றது. காலை பத்து மணிக்குச் சாவகாசமாகப் புறப்படுவோர் தம் வலிமையின் பெரும்பகுதியைக் காலி கோபுரத்திற்கு முன்பே செலவழித்துவிடுவர்.

கல்லின் வெப்பம்

சேஷாசல மலையின் மேற்பகுதி கடினமான பழம்பாறையால் ஆனது. மோட்டார்ச் சாலையோரத்தில் மிகப் பழைய கருங்கற்பாறையின் மேல் பிற்காலப் படிவப்பாறை அமர்ந்திருப்பதைக் காணலாம். அவ்விரண்டுக்கும் இடையே பல கோடி ஆண்டுக் கால இடைவெளி உண்டு. ஆகையால் நிலநூலார் அவ்விடத்தைத் தேசிய நிலவியல் சின்னமாகப் போற்றுகின்றனர். திருமலையிலுள்ள சிலாதோரணம் என்னும் இயற்கைக் கல்வளைவும் இப்பாறையே. இத்தகைய கல் பகலெல்லாம் வெயிலை உண்டு, மாலையில் மெல்ல மெல்ல அதனை உமிழும். சூரியன் சாய்ந்த பிறகும் படிகளும் பாறைச் சரிவும் அனல் வீசுவதன் காரணம் இதுவே. அலிபிரி வழியின் பெரும்பகுதிக்குக் கூரை உண்டு. அது தலையைக் காக்கும். ஆனால் பாறையிலிருந்து வரும் வெப்பக் காற்றை அதனால் தடுக்க இயலாது.

வெறுங்காலோடு ஏறுவது இம்மலையின் மரபு. மலை முழுவதுமே சாளக்கிராமம் என்னும் நம்பிக்கை இதற்கு அடிப்படை. தெலுங்குக் கீர்த்தனைகளால் புகழ்பெற்ற தாளப்பாக்கம் அன்னமாசாரியர் சிறு வயதில் மலையேறியபோது, முழங்கால் முறிச்சான் அருகே பசியாலும் களைப்பாலும் சோர்ந்து விழுந்தார் என்றும், தாயார் தோன்றி அவர் பாதரட்சையைக் கழற்றச் செய்து பிரசாதம் அளித்தார் என்றும் மரபு கூறும். இராமாநுசர் அவ்விடத்தில் முழங்காலாலேயே ஏறினார் என்பதும் வைணவ வரலாறு. இம்மரபினைப் போற்றுவோம். ஆயினும் நீரிழிவு நோய் உள்ளவர்கள் தம் பாதங்களைப் பற்றிச் சிறப்பாக எண்ண வேண்டும். அந்நோயால் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருந்தால், கல் சுடுவது அவர்களுக்குத் தெரியாது. உச்சியை அடைந்த பின்பே கொப்புளம் கண்ணிற் படும். அது ஆறாப் புண்ணாகவும் மாறலாம். கல் குளிர்ந்திருக்கும் வேளையில் ஏறுவதும், கனத்த பருத்திக் காலுறை அணிவதும், இடையிடையே பாதத்தைப் பார்த்துக்கொள்வதும் அவர்களுக்கு இன்றியமையாதவை.

படிதோறும் மஞ்சளும் குங்குமமும் இட்டுச் சூடம் ஏற்றிச் செல்லும் அன்பர்கள் பலர். அவர்களுக்குப் பின்னால் வருவோர் வழுக்கலையும், சேலைத் தலைப்பும் குழந்தைகளின் பாவாடையும் சுடரிற் படாமலிருப்பதையும் கவனித்து நடத்தல் நலம்.

உடலுக்கும் விடுமுறை வேண்டும்

இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்பும் தலையாய செய்தி இதுவே: வெளிநாட்டிலிருந்து வந்த முதல் வாரத்தில் வேனிற்கால மலையேற்றத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.

மனித உடல் வெப்பத்திற்குப் பழகும் தன்மையுடையது. ஆனால் அதற்கு நாள் வேண்டும். வெப்பமான இடத்திற்கு வந்து சிறிது சிறிதாக நடமாடத் தொடங்கினால், ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்களுக்குள் உடல் தன்னை மாற்றிக்கொள்ளும். வியர்வை விரைவில் தோன்றும். அதில் கழியும் உப்பு குறையும். இரத்த ஓட்டம் சீர்படும். குளிர்நாட்டில் வாழ்வோர்க்கு இப்பழக்கம் இல்லை. வளைகுடா நாடுகளில் இருப்போர் தமக்கு உண்டு என்று எண்ணலாம். ஆனால் வீடு, வாகனம், அலுவலகம் என்று குளிரூட்டிய இடங்களிலேயே பொழுது கழிப்பவர்க்கு அவ்வெண்ணம் பொருந்தாது. பிறந்த ஊர் என்பதற்காக உடல் பழைய பழக்கத்தை நினைவில் வைத்திருப்பதில்லை. "நான் சிறுவயதில் ஓடியே ஏறியிருக்கிறேன்" என்னும் பேச்சு உண்மையாயிருக்கலாம். இன்று ஏறப்போகும் உடல் அந்த உடலன்று.

வெப்பத்தில் படியேறும்போது ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டரளவு வியர்வை வெளியேறுதல் கூடும். அதனை ஈடுசெய்யாவிடில் முதலில் தலைநோவும் தசைப்பிடிப்பும் குமட்டலும் தோன்றும். அப்போதே நிழலில் அமர்ந்து, நீர் அருந்தி, ஏற்றத்தை அன்றைக்கு நிறுத்திவிட்டால் ஆபத்தில்லை. அதனைப் பொருட்படுத்தாமல் ஏறினால் உடலின் வெப்பம் 40 பாகைக்கு மேல் உயர்ந்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறும். இதுவே உயிரைக் கொள்ளும் வெப்பத் தாக்கு. அந்நிலையில் உள்ளவரைக் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரூற்றி விசிறிக்கொண்டே 108க்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். நினைவு தடுமாறியவருக்கு வாயில் நீர் ஊற்றலாகாது.

நம்பிக்கையின் வலிமை வெயிலை மாற்றாது என்பதற்கு அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்றைத் துயரத்துடன் குறிப்பிடுகிறோம். 2024 ஜூனில் மெக்காவில் வெப்பம் 50 பாகையைக் கடந்தபோது, ஹஜ் யாத்திரையில் 1,300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்தமையால், குளிர்ந்த கூடாரமும் வாகனமும் பெறாமல் நெடுந்தூரம் வெயிலில் நடந்தவர்கள். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கிலும் கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நடக்க வேண்டாமென்று காவலர்கள் எச்சரிக்கின்றனர். யாத்திரிகராயினும் உல்லாசப் பிரயாணியாயினும் வெயிலுக்கு எல்லோரும் ஒன்றே.

காடு, நெருப்பு, விலங்கு

படிவழியின் இருபுறமும் இருப்பது காடு. சேஷாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. உலகில் வேறெங்கும் எளிதிற் காணக்கிடையாத செஞ்சந்தன மரம் இயற்கையாக வளரும் நிலம் இது. பங்குனி, சித்திரை மாதங்களில் இலையுதிர்ந்து சருகு மண்டிக் கிடக்கும். ஒரு சிறு பொறியே போதும். 2014 மார்ச்சில் இம்மலைக் காட்டில் மூண்ட பெருந்தீயை அணைக்க விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வரவேண்டியிருந்தது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறச் சென்ற இளைஞரும் மகளிரும் காட்டுத் தீயில் சிக்கியதில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதைத் தமிழகம் மறக்கவில்லை. ஆகையால் சூடம் ஏற்றியவர் அது முற்றும் அணைந்ததைப் பார்த்த பின்பே நகர வேண்டும்.

வேனிலில் காட்டுச் சுனைகள் வற்றும். நீரையும் இரையையும் நாடி விலங்குகள் வழியருகே வரும். மனிதர் சிந்தும் உணவுக்குப் பிற விலங்குகள் கூடினால், அவற்றை நாடிச் சிறுத்தையும் வரும். 2023 ஜூனில் அலிபிரி வழியில் ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்விச் சென்றது; அவன் உயிர் பிழைத்தான். அவ்வாண்டு ஆகஸ்டில் பெற்றோருடன் மாலையில் ஏறிய ஆறு வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அதன்பின் தேவஸ்தானத்தார் பிற்பகல் 2 மணிக்கு மேல் 15 வயதுக்குட்பட்ட சிறாரைப் படிவழியில் விடுவதில்லை என்று விதித்தனர். நடப்போர்க்குக் கைத்தடியும் வழங்கினர். விதிகள் காலத்திற்கேற்ப மாறக்கூடியவை. ஆகவே புறப்படுமுன் அப்போதைய விதியைக் கேட்டறிதல் வேண்டும். குழந்தையை முன்னால் ஓடவிடுவதும், "பின்னால் வரட்டும்" என்று விடுவதும் கூடவே கூடாதவை. பெரியவர் இருவருக்கு நடுவே குழந்தை நடக்க வேண்டும்.

முன்னாளில் வெயிலுக்கு அஞ்சியவர்கள் இரவில் ஏறினர். இன்று பகலில் வெயிலும் இரவில் விலங்கும் இருப்பதால், குடும்பத்தோடு செல்வோர்க்கு எஞ்சியிருப்பது விடியற்காலை ஒன்றே. வழி திறக்கும் நேரத்தை முதல் நாளே விசாரித்து, திறந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக ஏறத் தொடங்கி, வெயில் முற்றுமுன் காலி கோபுரத்தைத் தாண்டிவிடுவது நலம். ஸ்ரீவாரி மெட்டு வழி பொதுவாகக் காலை 6 மணிக்குத்தான் திறக்கப்படுகின்றது. ஆதலால் அங்கே காலந்தாழ்த்தல் இன்னும் தீது.

கொண்டு செல்ல வேண்டியவை

பெட்டி படுக்கைகளைச் சுமக்க வேண்டியதில்லை. அடிவாரத்தில் ஒப்படைத்தால் தேவஸ்தானத்தார் கட்டணமின்றி மேலே சேர்ப்பர். கையில் வேண்டியவை சில: மூடியுள்ள எவர்சில்வர் நீர்க்குடுவை ஒன்று, மெல்லிய பருத்தித் துண்டு, தினமும் உண்ணும் மருந்துகள், சிறிது உப்பும் சர்க்கரையும். மலைமேல் பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டிகளுக்குத் தடை உள்ளது. ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிக் கலந்தால், இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் கரைசல் ஆகும். நீரிழிவுள்ளோர் இதுபற்றித் தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். நம் பாட்டிமார் கொடுத்தனுப்பிய நீர்மோரும் பானகமும் இதே தத்துவத்தைச் சார்ந்தவை. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் கால்மணிக்கொருமுறை சில மிடறு அருந்துக. வெறும் வயிற்றோடு விரதமிருந்து ஏறுவதை வேனிலில் தவிர்ப்பது நன்று.

படிகளற்ற பாதைகள்

படியும் கூரையும் குழாய்நீரும் உள்ள வழிக்கே இத்தனை எச்சரிக்கை வேண்டுமாயின், அவையற்ற காட்டுப் பாதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. பாபவிநாசத்திற்கு அப்பாலுள்ள தும்புரு தீர்த்தத்திற்குப் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டித் திரளான மக்கள் செல்வர். பாறைமேல் தவழ்ந்தும் நீரில் இறங்கியும் செல்லும் வழி அது. இதய நோய், ஆஸ்துமா, மிகுந்த இரத்த அழுத்தம், உடற்பருமன் ஆகியவை உள்ளோர் வரவேண்டாமென்று தேவஸ்தானத்தாரே அறிவிப்பது வழக்கம். சுமார் 270 அடி உயரமுள்ள தலக்கோனை அருவி வேனிலில் மெலிந்துவிடும். நீர் குறைந்ததால் அபாயமும் குறைந்தது என்று எண்ணலாகாது. பாசி படர்ந்த பாறை வழுக்கும். ஆழம் குறைந்த குட்டையில் குதித்தவர் தலை பாறையில் மோதும். இவ்விடங்களுக்கு அனுமதியும் வழிகாட்டியும் இன்றி இளைஞர்கள் செல்லாதிருப்பார்களாக.

மழைக்காலத்திலும் மலை தன் இயல்பைக் காட்டுவதுண்டு. 2021 நவம்பர் பெருமழையில் ஸ்ரீவாரி மெட்டு வழி சிதைந்து மூடப்பட்டு, 2022 மே மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆதலால் எப்பருவத்தில் சென்றாலும் வழியின் நிலையை விசாரித்தே செல்ல வேண்டும். மார்கழி, தை மாதங்களில் ஊருக்கு வர வாய்ப்புள்ளவர்கள் படியேற்றத்தை அப்போது வைத்துக்கொண்டால் எல்லா வகையிலும் நன்று.

தாயாரின் பிரார்த்தனை

இறுதியாக, வேனிலில்தான் வர இயலும் என்ற நிலையிலுள்ள குடும்பங்களுக்கு ஒரு சொல். பயணத் திட்டத்தில் திருப்பதியை விடுமுறையின் மூன்றாம் வாரத்தில் வையுங்கள். அதற்குமுன் நாள்தோறும் காலையில் குழந்தைகளோடு ஊரில் நடந்து பழகுங்கள். முதியோரையும் நோயுற்றோரையும் மருத்துவரிடம் காட்டி, ஏறலாமா என்று கேளுங்கள். அறுபது வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம், மூச்சிரைப்பு, மூட்டுவலி உள்ளவர்களும் படியேறுதல் உசிதமன்று என்று தேவஸ்தானமே அறிவித்திருக்கின்றது.

"நேர்ந்துகொண்டேனே!" என்று தாயார் கலங்கினால், அவரை அலிபிரிப் பாத மண்டபத்திற்கு அழைத்துச் சென்று வணங்கச் செய்து, சில படிகள் ஏறச் செய்து, பேருந்தில் மேலே அனுப்புங்கள். மலைக்கு மோட்டார்ச் சாலை 1944இலேயே வந்துவிட்டது. அதன் வழியே சென்று வணங்கியோர் எண்ணற்றோர். எஞ்சிய படிகளை மகனோ மகளோ அவர் பொருட்டு ஏறட்டும். பிள்ளை நலமாயிருக்க வேண்டும் என்பதற்காகவே அத்தாய் நேர்ந்துகொண்டார். தாய் நலமாயிருக்க வேண்டும் என்பதற்காகப் பிள்ளை ஏறினால் அப்பிரார்த்தனை குறைவுபடாது. நிறைவே பெறும் என்பது நம் எண்ணம்.

அன்பர்கள் யாவரும் இக்குறிப்புகளை ஊரிலுள்ள பெற்றோர்க்கும் படித்துக் காட்டுவார்களாக. பயணங்கள் இனிது நிறைவேறுக!